வயது குறைந்த கிராஃப்ட் போர்பனை ருசிபார்க்கும் முறை

பாட்டிலைத் திறந்து ஊற்றியதும் முதலில் கண்ணில் படுவது நிறம். இளம் கிராஃப்ட் போர்பனில், அதாவது சிறிய ஆலைகள் செய்யும் அமெரிக்க மக்காச்சோள விஸ்கியில், முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியதும் அதுதான். 9 மாதமே பீப்பாயில் கிடந்த சரக்கு, 6 வருடம் கிடந்ததைவிடக் கறுத்துச் சிவந்து நிற்கலாம். கலர் சேர்த்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். போர்பனில் கலரோ எசன்ஸோ சேர்க்க அமெரிக்கச் சட்டம் விடாது. அந்த நிறம் முழுக்க மரம் கொடுத்தது. பீப்பாய் சின்னது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துப் பெரிய ஆலைகளில் வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். புதிதாகத் தொடங்கும் சிறிய ஆலைக்கு அதில் ஊற்றிவிட்டு 4, 6 வருடம் காத்திருக்கக் கையில் முதல் இருக்காது. அதனால் 5, 10, 15 கேலன் பீப்பாய்களை வாங்குகிறார்கள். 5 கேலன் என்றால் 19 லிட்டர். பீப்பாய் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு லிட்டர் சாராயத்துக்கும் கிடைக்கும் மரப்பரப்பு கூடிக்கொண்டே போகும். 19 லிட்டர் பீப்பாயில் அது 200 லிட்டர் பீப்பாயைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். நியூயார்க் மாநிலத்தின் கார்டினரில் உருவான ஹட்சன் பேபி போர்பன் இந்த வழியில்தான் பெயர் வாங்கியது: முழுக்க மக்காச்சோளம், சின்னப் பீப்பாய், 46 சதவீத ஆல்கஹால். புரூக்ளினில் 2010-இல் தொடங்கிய கிங்ஸ் கவுண்டி ஆலையும் 5 கேலன் பீப்பாயில்தான் ஆரம்பித்தது.

பீப்பாய்க்குள் மூன்று வேலை நடக்கும். மரத்திலிருந்து சாறு இறங்குவது முதல் வேலை. வெனிலா, கிராம்பு, கொப்பரைத் தேங்காய் வாசனை, நிறம், துவர்ப்பு எல்லாம் அதில் வரும். சின்னப் பீப்பாயில் இது மளமளவென்று நடக்கும். இரண்டாவது வேலை, பீப்பாயின் உட்புறம் கருக்கிய கரிப்படலம் சாராயத்திலுள்ள கந்தக வாடையை உறிஞ்சி எடுப்பது. மூன்றாவதுதான் மெதுவானது. மரத்தின் வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், ஆல்கஹாலும் அமிலங்களும் சேர்ந்து புதிய பழவாசனைகள் உண்டாக வேண்டும். அதற்கு வருடங்கள் தேவை, எந்தப் பீப்பாயாலும் அதை முடுக்கிவிட முடியாது. இளம் போர்பனில் முதல் வேலை முடிந்திருக்கும், இரண்டாவது பாதியில் நிற்கும், மூன்றாவது தொடங்கியே இருக்காது. இந்த ஏற்றத்தாழ்வை நாக்கில் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் இந்த வகை போர்பனை எடைபோடுவது கஷ்டமே இல்லை.

கெண்டக்கியின் பஃபலோ டிரேஸ் ஆலை இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே ஊறலிலிருந்து வடித்த சாராயத்தை 5, 10, 15 கேலன் பீப்பாய்களில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வருடாவருடம் ருசித்தார்கள். 2012-இல் சோதனை தோற்றுவிட்டதாகத் தாங்களே அறிவித்தார்கள். நிறமும் கரிப்புகையும் சீக்கிரம் ஏறின, ஆழம் வரவே இல்லை. மோசமாகப் போனது 5 கேலன்தான். ஒரு ஆலை தன் தோல்வியை இப்படி வெளியே சொன்னது மரியாதைக்குரிய விஷயம். ஆனால் அங்கே பல வருடம் வைத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. சின்னப் பீப்பாயிலிருந்து சரியான மாதத்தில் இறக்கிவிட்டால் சரக்கு வேறு மாதிரி இருக்கும். கிராஃப்ட் ஆலைக்காரரின் திறமை பெரும்பாலும் அந்த மாதத்தைப் பிடிப்பதில் இருக்கிறது.

ஊற்றுவதற்கு முன்னால் லேபிளைப் படியுங்கள். போர்பன் என்று போட ஊறலில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும், 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது, 62.5 சதவீதத்துக்கு மேல் பீப்பாயில் ஊற்றக் கூடாது, 40-க்குக் குறைவாகப் பாட்டிலில் அடைக்கக் கூடாது. எத்தனை நாள் பீப்பாயில் இருக்க வேண்டும் என்று மட்டும் குறைந்தபட்சக் கணக்கு கிடையாது. ஸ்ட்ரெயிட் போர்பன் என்றிருந்தால் குறைந்தது 2 வருடம். 4 வருடத்துக்குக் குறைவான எதற்கும் வயதை அச்சிட்டே ஆக வேண்டும், பல பீப்பாய்களைக் கலந்தால் அதில் இளையதின் வயதை. அது பெரும்பாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். '4 வருடத்துக்கும் குறைவு' என்ற வகையில் மட்டும் போட்டிருந்தால் நன்றாகவே இளசு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிராஃப்ட், ஸ்மால் பேட்ச் என்ற சொற்களுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை.

இன்னொன்று. லேபிளில் 'வடித்தது' என்று இருக்கிறதா, 'தயாரித்தது', 'பாட்டிலில் அடைத்தது' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இண்டியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள எம்ஜிபி நிறுவனத்தின் பெரிய ஆலையிலிருந்து வாங்கித் தங்கள் பெயரில் விற்பவர்கள் ஏராளம். சரக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் நாம் ருசிபார்க்க நினைத்த சிறிய ஆலையின் கைவேலை அதில் இருக்காது. 'இண்டியானாவில் வடித்தது' என்ற வரி எங்காவது இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இனி கிளாஸ். வாய் குறுகி வயிறு அகன்ற கிளென்கேர்ன் கிளாஸ் நல்லது. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேர்க்கோட்டில் நிற்கும் டம்ளரில் வாசனை தங்காது. கிளாஸைச் சோப்பு வாடை போக வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள். அலமாரித் துணியில் துடைத்தால் துணி வாடைதான் மூக்கில் ஏறும். அளவு 20 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். வெயில் ஊரில் இருப்பவர்கள் பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் எடுங்கள். 32 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவி மூக்கை அடைத்துவிடும், அந்த நெடி போர்பனின் குறை என்று தப்பாக எழுதிவிடுவோம். ஐஸ் போடக் கூடாது. அது வாசனையையும் மூடும், குறையையும் மூடும்.

பக்கத்தில் இன்னொரு கிளாஸ் கட்டாயம் வேண்டும். அதில் தெரிந்த சரக்கு ஒன்று, 50 சதவீதத்தில் வரும் பாட்டில்ட் இன் பாண்ட் வகையாக இருந்தால் உத்தமம். 1897 அமெரிக்கச் சட்டப்படி அது ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்து, 4 வருடமாவது பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். இவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இதற்குச் சரியான அளவுகோல். முடிந்தால் மூன்றாவதாக வைட் டாக் எனப்படும், பீப்பாயே காணாத தெளிந்த புதுச்சாராயமும் வையுங்கள். இளம் போர்பன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. தனியாக ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு ருசிபார்த்தால் நாலாவது வாய்க்குள் மூக்கும் நாக்கும் பழகிப்போய் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும். ருசிபார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, வெற்றிலைபாக்கு, காரம் எதுவும் வேண்டாம். துப்புவதற்கு ஒரு கிண்ணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றியபின் 10 நிமிடம் மூடிவைக்காமல் விடுங்கள். இளம் சரக்கில் சீக்கிரம் பறக்கும் ஆவிகள் அதிகம், அவை போனபின்தான் மற்றவை தெரியும். பிறகு கிளாஸை மூக்குக்குள் திணிக்காமல் மேவாய்க்கட்டை உயரத்தில் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மெதுவாக இழுங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹால் எரிச்சல் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவாருங்கள். கிளாஸ் விளிம்பின் கீழ்ப்பக்கம் ஒரு வாசனை, மேல்பக்கம் ஒரு வாசனை வரும். பழமும் பூவும் மேலே, மரமும் தானியமும் கீழே.

நல்ல இளம் போர்பனில் முதலில் வருவது மக்காச்சோளம். குக்கரில் அவித்த கதிரை உரிக்கும்போது எழும் ஆவி மாதிரி. அதன் பின்னால் தேன், கொஞ்சம் கொப்பரை, மெல்லிய வெனிலா. தானிய வாசனையைக் குறையாக எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயதான போர்பனில் மரத்துக்கு அடியில் புதைந்துபோகும் தானியத்தை இங்கேதான் நேருக்கு நேர் முகர முடிகிறது. ரை என்ற தானியம் சேர்த்திருந்தால் மிளகும் சோம்பும் போன்ற ஒரு காரம், கோதுமை சேர்த்திருந்தால் ரொட்டியின் மென்மை, முளைகட்டிய பார்லி அதிகமென்றால் வறுத்த மாவு மணம். கிங்ஸ் கவுண்டியில் மக்காச்சோளம் 80, பார்லி 20 என்ற விகிதம். பெரும்பாலான கெண்டக்கி ஆலைகள் ரை சேர்க்கும், இவர்கள் சேர்ப்பதில்லை. அந்த வித்தியாசம் இளசாக இருக்கும்போதுதான் துல்லியமாகத் தெரியும்.

இங்கே உள்ளங்கைச் சோதனை ஒன்று செய்யலாம். நாலைந்து சொட்டை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, கையைக் குவித்து முகர வேண்டும். முதல் இரண்டு நொடி ஆல்கஹால் பறக்கும். அப்புறம் தோலில் ஒட்டி நிற்பது தானியம். ஈரம் முழுக்கக் காய்ந்தபின் மரம். மாவு மணமும் பாகு மணமும் மாறிமாறி வந்தால் அடிப்படைச் சாராயம் சுத்தமானது. காய்ந்தபின் வெறும் பென்சில் சீவல் மட்டும் மிஞ்சினால் மரம் தானியத்தை விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

வாயில் 3, 4 மில்லி போதும். முதல் மடக்கை எடைபோடாதீர்கள், அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது மடக்கை 10 நொடி வாயில் உருட்டுங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். சின்னப் பீப்பாய்ச் சரக்கின் கையெழுத்து இப்படி இருக்கும்: தொடக்கத்தில் வெனிலாவும் முறுகிய பாகும் பளிச்சென்று வரும், நடுவில் திடீரென்று ஒன்றுமில்லாமல் நீர்த்துப்போகும், முடிவில் துவர்ப்பு வந்து நாக்கைப் பிடிக்கும். நடுவில் இருக்கும் அந்த ஓட்டைதான் காலம் நிரப்பாமல் விட்ட இடம். மூன்றாவது வேலை நடக்கவில்லை என்பதன் ருசி அது.

துவர்ப்பு விஷயத்தில் தமிழ் நாக்குக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையில் கசப்பையும் துவர்ப்பையும் தனித்தனியாக எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலக் குறிப்புகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பதை நிறையப் பார்க்கலாம். வாழைப்பூவை ஆய்ந்து பச்சையாக ஒரு துண்டைக் கடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்பைத்தான் ஓக் மரத்திலுள்ள டானின் என்ற பொருளும் கொடுக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் ஓக் மரத்தில் உண்டாகும் புடைப்பு என்பதை நினைத்துக்கொண்டால் இந்த உறவு இன்னும் தெளிவாகும். போர்பனை விழுங்கியபின் நாக்கை மேலண்ணத்தில் உரசிப் பாருங்கள். வழுக்கினால் நல்லது. சொரசொரவென்று பிடித்தால் மரம் மிஞ்சிவிட்டது, அல்லது பீப்பாய்ப் பலகையை அவசரமாக உலர்த்தியிருக்கிறார்கள். பலகையை வெயிலிலும் மழையிலும் 18 முதல் 24 மாதம் போட்டு வைத்தால் அந்தக் கடுமை கழுவிப் போகும். சூளையில் சில வாரத்தில் காயவைத்த பலகையில் அது அப்படியே தங்கிவிடும். கசப்பு வேறு. கரி அதிகம், அல்லது வடிப்பில் பிசகு என்றால்தான் கசப்பு வரும்.

இனி வடிப்பின் குறைகள். மரத்தால் மறைக்க முடியாதவை இவைதான், ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும். வாலை எனப்படும் வடிகலத்தில் வடியும்போது முதலில் வருவதைத் தலை என்றும் கடைசியில் வருவதை வால் என்றும் ஒதுக்கி, நடுவில் வரும் இதயப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவார்கள். தலையைச் சரியாக வெட்டாவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடியும் பச்சை ஆப்பிள் நெடியும் வரும். துளி அளவு இருந்தால் பேரிக்காய் மாதிரி இனிமையாகத் தோன்றும், கண்ணைக் கரித்தால் அது பிசகு. வால்பகுதியை அதிகம் சேர்த்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, முடிவில் ஒரு பிசுபிசுத்த கனம். புது ஆலைகளில் அளவு கூட வரட்டும் என்று வால்பகுதியை நீட்டி வெட்டுவது நடக்கிறது. நீண்ட நாள் பீப்பாயில் கிடந்தால் வாலின் கனமான கூறுகளில் சில நல்ல மணமாக மாறும் என்பது உண்மை. 9 மாதத்தில் இறக்கப்போகும் சரக்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இளசாக விற்பதென்றால் வால்பகுதியைச் சீக்கிரமே வெட்டியாக வேண்டும்.

வெந்த முட்டைக்கோஸ், ரப்பர் வாடை வந்தால் கந்தகம். வாலையில் சாராய ஆவி செம்பைப் போதுமான அளவு தொடவில்லை, அல்லது பீப்பாயின் கரி தன் வேலையை முடிக்க நாள் போதவில்லை. சிக்கு நெய், வாந்தி வாடை வந்தால் ஊறலில் வேண்டாத பாக்டீரியா புகுந்திருக்கிறது. அதற்கு மருந்தே இல்லை.

கிராஃப்ட் ஆலைகளுக்கே உரிய ஒரு குறையும் உண்டு: அடிப்பிடித்த வாடை. ஊறலிலிருந்து தானியத்தை வடிகட்டாமல் அப்படியே வாலையில் போட்டுக் காய்ச்சுவது அமெரிக்க வழக்கம். பெரிய ஆலைகளில் உயரமான தூண் வாலையில் நீராவி நேராக ஊறலுக்குள் பாய்வதால் பிடிப்பதற்கு அடிப்பாகமே கிடையாது. சிறிய ஆலையில் பானை வாலை. கிண்டும் துடுப்பு சரியில்லை, தொடக்கத்திலேயே சூட்டை ஏற்றிவிட்டார்கள் என்றால் கஞ்சி மாதிரி அடிப்பிடிக்கும். பீப்பாய்க் கரியின் புகைமணத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கரியின் புகை இனிப்போடு சேர்ந்து வந்து முடிவில் தங்கும். அடிப்பிடித்தது முதல் முகர்விலிருந்தே காந்தலாக இருக்கும், தண்ணீர் விட்டாலும் போகாது, வைட் டாக்கிலேயே தெரியும்.

குறையைப் பிடிக்கச் சிறந்த கருவி தண்ணீர்தான். முதலில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் இளம் சரக்கில் உடனே தெரியும். சொட்டு விழுந்த இடத்தில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் விட்டதுபோல் கண்ணாடி இழைகள் நெளிந்து சுழன்று கரையும். கலக்காமல் அது அடங்கும்வரை விட்டுவிட்டு முகருங்கள். கணக்கு எளிது. 46 சதவீதச் சரக்கு 20 மில்லிக்கு 3 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதம். 60 சதவீதச் சரக்கு 20 மில்லிக்கு 4 மில்லி சேர்த்தால் 50. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் இதற்குப் போதும்.

இந்த அளவுகள் ருசிக்காக. சோதனைக்கு 20 சதவீதம்வரை இறக்க வேண்டும்: 46 சதவீதச் சரக்கு 20 மில்லிக்கு 26 மில்லி தண்ணீர். ஆலைகளில் கலவை செய்பவர்கள் முகர்வதும் ஏறக்குறைய இந்த அளவில்தான். ஆல்கஹாலின் எரிச்சல் அடங்கிவிடுவதால் நனைந்த அட்டையும் கந்தகமும் ஒளிய இடமில்லாமல் வெளியே வரும். இங்கே சுத்தமாக, சோளமும் தேனுமாக மணந்தால் அந்த ஆலைக்கு வடிக்கத் தெரியும் என்று தைரியமாகச் சொல்லலாம். மரம் இன்று பச்சையாக இருந்தாலும் அவர்களுடைய 4 வருடச் சரக்குக்காகக் காத்திருப்பது நியாயம். இங்கே நாறினால் காத்திருந்து பெரிதாக எதுவும் மாறாது. தண்ணீர் விட்டதும் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிரூட்டி வடிகட்டாத சரக்கு 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அதிலுள்ள கொழுப்பு சார்ந்த கூறுகள் திரள்வதால் அப்படி ஆகும், கெடுதல் இல்லை.

புதிதாகத் திறந்த பாட்டிலில் தலையின் நெடி தூக்கலாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊற்றிப் பாருங்கள். கழுத்துவரை நிரம்பிய பாட்டிலைவிடத் தோளுக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் அந்த நெடி ஓரளவு அடங்கும். துவர்ப்பும் அடிப்பிடித்த காந்தலும் அடங்காது.

ருசிபார்த்து முடித்த கிளாஸைக் கழுவாமல் ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் துளிகள் காய்ந்து ஒரு பழுப்பு வளையமாகியிருக்கும். காலையில் அதை முகர்ந்து, முந்தைய நாள் குறிப்புக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள். 4 வருடச் சரக்கின் கிளாஸில் கருப்பட்டியும் வெனிலாவும் வரும். இளசின் கிளாஸில் மரத்தூள் மட்டும் வருகிறதா, அதற்கு அடியில் சோளமாவின் மணம் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.